வலது கைக்குத் தனிச் சீட்டு

திங்கட்கிழமை காலை சொரிமுத்துவின் வலது கைக்கு ஆஸ்பத்திரியில் தனியாக ஓ.பி. சீட்டு போட்டார்கள். பெயர் என்ற இடத்தில் 'வலது கை' என்று இருந்தது. வயது என்ற இடத்தில் நூற்று நாற்பத்து மூன்று நாள். சொரிமுத்துவின் பெயரையும் விட்டுவிடவில்லை. 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில் அதை எழுதியிருந்தார்கள்.

சொரிமுத்து சீட்டை இடது கையால் வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தான். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற மனைவி உலகம்மாளிடம் கொடுத்தான். வயதைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

சீட்டு எழுதியவள் ஞானசெல்வம். நரம்பு வளர்ச்சிப் பிரிவு கவுன்டரில் அவள்தான் எல்லாம். அவள் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'உணர்ச்சி யாருக்கோ அவரே நோயாளி' என்று அதில் எழுதியிருந்தது. சொரிமுத்து பலகையைப் பார்த்தான். வலது கையின் ஆள்காட்டி விரல் கவுன்டர் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மரம் வழவழப்பாக இருக்கிறதா சொரசொரப்பாக இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. ஆகவே சட்டப்படி ஞானசெல்வம் செய்தது சரிதான்.

உலகம்மாள் சீட்டை இரண்டாக மடித்தாள். பேசியிருக்க வேண்டியவள் அவள்தான்.

அவள் அதே வளாகத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள ஆய்வகத்தில் பொறியாளர். பதினான்கு வருஷமாக நரம்புக் குழாய் செய்கிறாள். பட்டுப்புழுக் கூட்டை உருக்கி எடுத்த புரதமும் இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையும் சேர்ந்த குழாய். பேனா ரீஃபிள் தடிமன்தான் இருக்கும். அறுந்துபோன நரம்பின் இரண்டு முனைக்கும் நடுவில் அதை வைத்துத் தைத்தால், நரம்பு குழாய்க்குள் வளர்ந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். குழாய் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி. அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. வழி மட்டும் காட்டலாம்.

வழி காட்டுவதற்குக் குழாயின் உள்சுவரில் ஒரு மருந்து பூசுவாள். உடம்புப் பக்கம் குறைவாக, கைப்பக்கம் கூடுதலாக. சர்க்கரையைத் தேடி எறும்பு போகிற மாதிரி நரம்பு மருந்தைத் தேடிப் போகும். எந்தப் பக்கம் எது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உடம்புப் பக்க நுனியில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். சர்ஜன் அந்தப் புள்ளியை நம்பித்தான் தைப்பார்.

தப்பு ஆயுத பூஜை அன்று நடந்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் ஒரு பொருளையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். ஓவனுக்கு வைத்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கு வைத்தார்கள். ஃப்ரிட்ஜுக்கும் தராசுக்கும் கத்தரிக்கோலுக்கும் வைத்தார்கள். தட்டில் பன்னிரண்டு குழாய்கள் இருந்தன. அவற்றை மட்டும் விடுவானேன் என்று உலகம்மாளுக்குத் தோன்றிவிட்டது. தீக்குச்சி நுனியில் குங்குமம் தொட்டு, ஒவ்வொரு குழாயின் நுனியிலும் கடுகளவு வைத்தாள். தன் பக்கமாக இருந்த நுனியில் வைத்தாள். பொரி கடலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பார்த்தால் எல்லாக் குழாயிலும் இரண்டு நுனியும் சிவப்பு. பதினொன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பன்னிரண்டாவதை மட்டும் போடவில்லை. அது தட்டின் ஓரத்தில் இருந்தது. அதன் எந்த நுனி எந்தப் பக்கம் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு நுனியைத் துடைத்தாள். கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டினாள்.

மூன்றாம் நாள் சொரிமுத்துவின் கடை ஷட்டர் பிய்ந்து சரிந்தது. அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். செம்புக் கம்பி எத்தனை சுற்று விழுந்திருக்கிறது என்பதை விரலாலேயே சொல்லிவிடுவான். ஷட்டர் தகரம் முழங்கைக்கு நாலு விரல் மேலே இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. டாக்டர் தேவசகாயம் குழாய் கேட்டார். இருந்தது ஒன்றே ஒன்று. உலகம்மாள் அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆபரேஷன் ஆன இருபத்திரண்டாம் நாள் டாக்டர் சொரிமுத்துவின் கையைத் தட்டிப் பார்த்தார். நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று அப்படித்தான் பார்ப்பார்கள். வளர்கிற நுனியில் தட்டினால் விரல்வரை கரண்ட் ஓடுகிற மாதிரி இருக்கும். சொரிமுத்து ஒன்றுமே தெரியவில்லை என்றான். ஆனால் அவன் கை தூக்கத்தில் எழுப்பப்பட்டவரைப் போல வெடுக்கென்று நகர்ந்தது. டாக்டர் இன்னொரு முறை தட்டினார். கை அவர் விரலைப் பிடித்து மரியாதையாக ஓரமாக வைத்தது.

டாக்டர் எதையோ யோசித்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

உலகம்மாளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. உடம்பிலிருந்து கைக்கு நரம்பு போகவில்லை. கையிலிருந்து உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. அவள் தப்பான நுனியைத் துடைத்து, குழாயைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறாள்.  சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தாள்.

முதலில் துறைத் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் போன வருஷம் அறிவிப்புப் பலகையாக மாறிவிட்டார். மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். கடிதத்தைக் குண்டூசியால் அவர்மேல் குத்திவைத்தால் சாயங்காலத்துக்குள் கையெழுத்து வந்துவிடும். முன்பைவிட இப்போது வேலை சீக்கிரம் நடக்கிறது என்றுகூட எல்லாரும் சொன்னார்கள். உலகம்மாள் நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். குண்டூசியை எடுத்தாள். ரொம்ப நேரம் நின்றாள். கடைசியில் அவள் குத்திவிட்டு வந்தது அரை நாள் லீவுக் கடிதம். அதற்குக் கையெழுத்து கிடைத்தது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் சொரிமுத்துவின் கையைத் தட்டிப் பார்த்து, கை துள்ளுகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கோடுகள் மேலே மேலே ஏறின. கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் கையுடையது. மேலே இருந்தது சொரிமுத்துவுடையது. எதற்குக் கோடு என்று அவன் கேட்டான். முன்னேற்றம் பார்க்க என்றாள். அது பொய் இல்லை.

சொரிமுத்து லேசில் பயப்படுகிறவன் இல்லை. கை தானாகக் காயில் கட்ட ஆரம்பித்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவன் கட்டியதைவிடக் கை நேர்த்தியாகக் கட்டியது. கடைக்கு வருகிறவர்கள் கையைப் பார்த்து வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அதற்கும் சிரித்தான். நல்ல ஆள் கிடைத்துவிட்டது, இனி நான் சும்மா இருக்கலாம் என்று எல்லாரிடமும் சொன்னான்.

ஒரு நாள் மத்தியானம்தான் அவன் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். உலகம்மாள் உள்ளே வந்தபோது அவன் கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல் கிடந்தான். வலது கை அவன் முகத்தின் மேல் இருந்தது. நெற்றி, புருவம், மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தது.

"நான் தூக்கல உலகு," என்றான். "அதுதான் என்னையத் தொட்டுப் பாக்கு. நான் ஆருன்னு அதுக்குத் தெரியலபோல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை உடனே அடங்கியது. அவளைத் தெரிந்திருந்தது அதற்கு.

இப்படித்தான் திங்கட்கிழமை வந்தது. கோடு தோளைத் தொட்டதும் டாக்டர் தேவசகாயம் அவர்களை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். இனி இது தன் கையில் இல்லை என்றார். சீட்டைக் கொடுத்த ஞானசெல்வம் விதிகளை நிதானமாகச் சொன்னாள். நரம்பு தோளைத் தாண்டிவிட்டால் நோயாளி உள்நோயாளி ஆக வேண்டும். வியாழக்கிழமை வந்து சேர்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதை நோயாளிதான் நிரப்ப வேண்டும். ஆனால் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை மட்டும் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே நிரப்பலாம்.

சொரிமுத்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். உலகம்மாள் குரலைத் தாழ்த்தி, அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள்.

"குழாய்ல குறை இருந்தா குறைன்னு எழுதணும்," என்றாள் ஞானசெல்வம். "எழுதினா சீட்டு ரத்து. குழாய் வச்ச எடத்த வெட்டி எடுத்துருவாக. கை செத்த கையா தொங்கும். ஆனா ஆளு முழுசா வீட்டுக்கு வருவாரு."

"எழுதலைன்னா?"

"கைக்கு வார்டு."

"அவுகளுக்கு?"

ஞானசெல்வம் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். உடன் வந்தவர்களுக்கு வார்டு கிடையாது என்றாள்.

கவுன்டரிலிருந்து வெளிவாசலுக்கு நீளமான வராந்தா. படிவத்தில் காலியாக விட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் அது பத்தடி நீளும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும், அதனால் எதையாவது எழுதி நிரப்பிவிடுவார்கள். உலகம்மாள் காரணத்தை எழுதாமலேயே படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். வழக்கமாக வருகிற தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் கழித்து வந்தது. இன்றைக்கு வராந்தா கூடுதலாக இருக்கிறதே என்றான் சொரிமுத்து. அவள் பையை இறுக்கிக்கொண்டாள். வெயிலாக இருக்கும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் படிவத்தை எடுத்து எடுத்து வைத்தாள். குறை என்று இரண்டு எழுத்துதான். எழுதினால் அவன் கேட்பான். என்ன குறை என்று கேட்பான். எப்போது தெரியும் என்று கேட்பான். குழாயைத் தலைகீழாகக் கொடுத்ததைச் சொல்லிவிடலாம், அது ஒரு நாள் தப்பு. இத்தனை நாள் வாயைத் திறக்காததை எப்படிச் சொல்வது? அந்த இடத்தில்தான் அவள் பேனா நின்றது.

புதன்கிழமை மத்தியானம் சொரிமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். கை விழித்திருந்தது. உலகம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைக்குக் காது கிடையாது. அதனால் அதன் உள்ளங்கையை விரித்துவைத்து, தன் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். குழாயைத் தலைகீழாகக் கொடுத்தது நான். இருபத்திரண்டாம் நாளிலிருந்து எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பது வருஷம் ரசீது எழுதிய கை அது. எழுத்துத் தெரியாமல் போகுமா? கடைசி எழுத்துவரை விரிந்தே இருந்தது. பிறகு அவள் விரலை மெல்லச் சுற்றி மூடிக்கொண்டது.

உலகம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். சொல்லிவிட்ட நிம்மதி. கை இதமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சொரிமுத்து அவள் விரலை அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அவன் நல்லவன், ஆனால் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குக் கூசியது. பக்கத்தில் அவன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும் அவள் விரலை எடுக்கவில்லை. நாளைக்குக் கவுன்டரில் அவன் எதிரிலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். நிஜமாகத்தான் முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனார்கள். வராந்தாவில் நடந்து கவுன்டரை அடையும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. சொரிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் அவன் எடை குறைந்திருந்தான். நடக்கும்போது கை முன்னால் போனது, அவன் ஓரடி பின்னால் போனான். கழுத்தில், உடன் வந்தவருக்குக் கொடுக்கிற அட்டெண்டர் பாஸ் ஆடியது.

ஞானசெல்வம் படிவத்தை வாங்கி விரித்து, காரணம் இன்னும் காலியாக இருக்கிறதே என்றாள். உலகம்மாள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அதற்குள் கை நீண்டு பேனாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை. பாரமான பையை வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கியது.

கை எழுதியது. சொரிமுத்துவின் அதே கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

காரணம்: குறை ஏதுமில்லை.

அடுத்த கட்டம் 'உடனிருப்பவர்'. ஒரு நோயாளிக்கு ஒருவருக்குத்தான் பாஸ் என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ள வழக்கம். கை யோசிக்கவே இல்லை. உலகம்மாள், மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

பேசு என்று உலகம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தனக்காகத்தான் கை பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஞானசெல்வம் சீல் கட்டையை எடுத்து மையில் ஒற்றி இரண்டு இடத்தில் குத்தினாள். வராந்தா ஒரு தடவை சுருங்கி நின்றது. இருபதடி தூரத்தில் வார்டின் கம்பிக் கதவு தெரிந்தது.

பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞானசெல்வம் சொரிமுத்துவிடம் சொன்னாள். அவன் தகராறு செய்யவில்லை. இடது கையால் கழுத்துக் கயிற்றைக் கழற்றினான். ஒரு காதில் மாட்டிக்கொண்டது. உலகம்மாள் அதை எடுத்துவிட்டாள். அவனே பாஸை அவள் கழுத்தில் போட்டான்.

மூவருமாகக் கம்பிக் கதவுவரை போனார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்தார். உலகம்மாள் உள்ளே போனாள். கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. சொரிமுத்து வாசலில் நின்றான். வாட்ச்மேன் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெளியே நிற்பவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

சொரிமுத்து அவள் முகத்தையே பார்த்தான். படிவத்தை அவனும் படித்திருந்தான்.

"உலகு, ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடாத," என்றான். "அந்தக் குழாய்ல எதும் குறை இருந்துச்சா?"

கதவு பாதிதான் சாத்தியிருந்தது. கவுன்டர் இருபதடியில் இருந்தது. சீல் மை இன்னும் காய்ந்திருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நூற்று இருபத்து நாலு நாளாகச் சொல்லாத வார்த்தை தொண்டைவரை வந்தது. அவள் உள்ளங்கையில் கை லேசாக ஓர் அழுத்து அழுத்தியது.

"இல்லைங்க," என்றாள்.

அவன் தலையாட்டினான். முகத்தில் இருந்த கலக்கம் போய்விட்டது. அவளை அவன் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"அப்பம் சரி. நீ உள்ள இரு. நான் வெளிய நிக்கேன்."

வாட்ச்மேன் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். ரத்தம் ஏதும் வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சொரிமுத்து நின்றான். சட்டையின் வலது கை வெறுமையாகத் தொங்கியது. அவன் அதை மடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வெளிவாசலைப் பார்த்து நடந்தான்.

அப்போதுதான் உலகம்மாளுக்குக் குரல் வந்தது. ஏங்க என்று கூப்பிட்டாள். குறை இருந்தது, நான்தான், நான்தான் என்று சொன்னாள். வராந்தாவில் அவன் அதற்குள் ரொம்ப தூரம் போயிருந்தான். கவுன்டரில் ஞானசெல்வம் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிடிபட்ட தன் கையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு வலித்தது.

வார்டில் இருந்த நர்ஸ் எழுந்து வந்தாள். வயதில் சின்னவள், கண்டிப்பானவள். ஏழாம் நம்பர் படுக்கை தயாராக இருக்கிறது, நோயாளிக்கு ஓய்வு வேண்டும், அட்டெண்டர் இப்படிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, விடுங்கள் என்றாள்.

"நான் பிடிக்கலம்மா," என்றாள் உலகம்மாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். உலகம்மாளின் பையில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டை எடுத்து, பிடி பலமாக இருக்கிறது, நல்ல முன்னேற்றம் என்று எழுதிவிட்டு, தன் நாற்காலிக்குப் போனாள்.